வெட்கத்திலிருந்து பிறந்த ஒரு சட்டச் சொல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆலையை விட்டு வந்த பிறகும், ஆங்கிலத்தில் வரும் கடிதங்களையும் நோட்டீசுகளையும் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் தொழிலாளர்கள் என் வீட்டுக்கு வருவது உண்டு. வங்கிக் கடிதம், பி.எஃப். கணக்கு, ஈஎஸ்ஐ படிவம் என்று எதுவாகவும் இருக்கும். படித்துப் பொருள் சொல்லி அனுப்புவேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் வேறொரு தாளைக் கொண்டுவந்தார். தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு நிர்வாகம் தாக்கல் செய்திருந்த எதிருரையின் நகல் அது. அந்த நிர்வாகத்தின் ஆலையில், உலைப் பிரிவில், அவர் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். ஒருநாள் காலையில் அவருடைய நுழைவு அட்டை வாயிலில் வேலை செய்யவில்லை. 'நீ எங்கள் ஆள் இல்லை. காண்ட்ராக்டரிடம் போய்க் கேள்' என்றார்கள். காண்ட்ராக்டரோ ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார். வழக்குத் தொடுத்திருந்தார். எதிருரையில் ஒரே சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது. அதன் அடியில் பேனாவால் கோடிட்டிருந்தார்.

"சார், 'ஷேம்'னு நாலு இடத்துல போட்டிருக்காங்க. வெட்கம்னுதானே அர்த்தம்? யாருக்கு வெட்கம்னு சொல்றாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது ஷேம் இல்லை தம்பி, ஷாம். போலின்னு அர்த்தம். அந்த ஒப்பந்தம் போலின்னு நீங்க சொல்றீங்க, இல்லைன்னு அவங்க சொல்றாங்க" என்று விளக்கி அனுப்பினேன். அன்றிரவு அகராதியை எடுத்துப் பார்த்த பிறகுதான், சிரித்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. அந்த இளைஞர் சொன்னது ஏறக்குறையச் சரி.

குதிரைப் பந்தயத் திடலிலிருந்து நீதிமன்றத்துக்கு

பாசாங்கு செய்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'பிரிடெண்ட்' என்பது 'முன்னால் நீட்டிப் பிடித்தல்' என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தது. எதிரே ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற படிமம் அது. 'ஃபெயின்' என்பதன் வேர்ப்பொருள் 'உருவாக்குதல், வனைதல்'. புனைகதையைக் குறிக்கும் 'ஃபிக்‌ஷன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். இவை எல்லாம் இலத்தீன் வழியாக வந்த படித்தவர்களின் சொற்கள்.

'ஷாம்' அப்படி அன்று. அது தெருவில் பிறந்தது. 1677ஆம் ஆண்டையொட்டித்தான் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படுகிறது. அப்போது அது இலண்டன் நகரத்துக் கொச்சைச் சொல்; ஒருவரை ஏமாற்றும் தந்திரம் என்பது பொருள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் டைட்டஸ் ஓட்ஸ் என்பவர், மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்கிறார்கள் என்று ஒரு கட்டுக்கதையைக் கிளப்பினார். அதை நம்பிப் பலரைத் தூக்கிலிட்டார்கள். சதிகளும் பொய்ச் சதிகளும் மாறி மாறி அம்பலமான அந்த ஆண்டுகளில் 'ஷாம்' அரசியல் மேடைக்கு ஏறிவிட்டது.

அந்தக் காலத்தை நேரில் கண்ட ரோஜர் நார்த் என்ற வழக்கறிஞர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1740இல் வெளியானது. அதில் இந்தச் சொல்லுக்கு ஒரு பிறப்புக் கதை சொல்கிறார். குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன நியூமார்க்கெட் ஊரின் குழூஉக்குறியாம் இது. 'வெட்கமடைந்த' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாம். நகரத்துக் கணிகை ஒருத்தி கிராமத்துப் பெண்ணைப் போல் உடுத்திக்கொண்டு, அந்த வேடம் பொருந்த வேண்டும் என்பதற்காக வெட்கப்படுவதாகக் காட்டிக்கொள்வாள். அதுவே இச்சொல்லின் முதற்பொருள் என்கிறார். கதையை எவ்வளவு நம்புவது என்பது வேறு. ஆனால், 'வெட்கம்' என்பதன் வட இங்கிலாந்து உச்சரிப்பே 'ஷாம்' ஆகியிருக்கக்கூடும் என்ற கருத்தை இன்றைய அகராதிக்காரர்களும் முன்வைக்கிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சொல்லின் பொருள் சற்று நகர்ந்தது. ஏமாற்றும் செயலைக் குறித்தது போய், ஒன்றைப் போல் தோற்றமளிக்கும் வேறொன்றையும் குறிக்கத் தொடங்கியது. சாதாரணத் தலையணையின் மேல் பகலில் போட்டு வைக்கும் அலங்கார உறைக்கு ஆங்கிலேயர் 'தலையணை ஷாம்' என்று பெயரிட்டார்கள். அதில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. உள்ளே இருப்பது ஒன்று, மேலே தெரிவது ஒன்று, அவ்வளவுதான். தந்திரம் என்ற பழைய பொருளும், மேலுறை என்ற பிந்தைய பொருளும் இன்றுவரை அச்சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. நம் நீதிமன்றங்களில் எழும் குழப்பத்தில் பாதி இந்த இரட்டைப் பொருளிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

பினாமியும் ஷாமும்

இந்தியச் சட்டத்தில் இச்சொல் முதலில் கூலிக்காரர்களை ஒட்டிப் பேசப்படவில்லை. சொத்தை ஒட்டியே பேசப்பட்டது. 'பெயரில்லாத' என்று பொருள்படும் பாரசீகச் சொல்லான 'பினாமி'யை நாம் எல்லா வகைப் போலிக் கிரயங்களுக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். மதுரை மீனாட்சி மில்ஸ் தொடர்பான வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம ஐயர், கர்நாடக இசையறிஞராகவும் புகழ்பெற்றவர். பினாமி என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பரிமாற்றங்கள் நடக்கின்றன என்றார் அவர். ஒன்றில் விற்பனை உண்மையாகவே நடக்கிறது; வாங்கியவரின் பெயர் மட்டும் வேறு. மற்றொன்றில் விற்பனையே நடப்பதில்லை. பத்திரம் மட்டும் இருக்கிறது. இரண்டாவதுதான் 'ஷாம்'.

இந்த வேறுபாடு ஆலை வாயிலுக்கும் பொருந்தும். ஆலைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஓர் ஒப்பந்ததாரர் இருக்கிறார். அவர் உண்மையாகவே ஒரு வேலையை எடுத்துச் செய்கிறாரா, அல்லது பத்திரத்தில் மட்டும் இருக்கிறாரா? தொழிலாளியின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் தொங்குகிறது.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1971 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இருபதும் அதற்கு மேலும் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்திருந்த நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. நிறுவனம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையா, தொழிலுக்கு இன்றியமையாத வேலையா, பிற இடங்களில் நிரந்தரத் தொழிலாளர் செய்யும் வேலையா என்றெல்லாம் ஆராய்ந்து, அவ்வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் அதிகாரம் அரசுக்குத் தரப்பட்டது. தடைசெய்தால் அந்தத் தொழிலாளி என்ன ஆவார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 'ஷாம்' வந்து உட்கார்ந்தது.

1978இல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், நடுவில் நிற்கும் ஒப்பந்ததாரர் என்ற திரையை விலக்கிப் பார்க்கச் சொன்னார். ஒருவரின் உழைப்பில் விளையும் பொருள் யாருடைய தொழிலுக்குப் போகிறதோ, அவர் வேலையை நிறுத்தினால் உழைப்பவரின் பிழைப்பு நின்றுபோகுமோ, அவரே முதலாளி என்பது அத்தீர்ப்பின் சாரம். இருபத்தொன்பது தொழிலாளர்களின் வழக்கு அது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலே தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாவார்கள் என்றது.

அது நெடுநாள் நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று, செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தானாக நிரந்தரமாவது என்பது சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தது. ஒப்பந்தம் உண்மையானதன்று, வெறும் 'உருமறைப்பு' என்று தொழில் தீர்ப்பாயம் கண்டறிந்தால், தொழிலாளர்கள் தொடக்கத்திலிருந்தே நிறுவனத்தின் ஆட்களாகக் கருதப்படுவார்கள். உருமறைப்பைக் குறிக்கும் 'கேமஃப்ளாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல், முதல் உலகப் போரில் பீரங்கிகளையும் கப்பல்களையும் எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் கலைக்குப் பெயராகி ஆங்கிலத்துக்குள் வந்தது. பந்தயத் திடலில் பிறந்த சொல்லும் போர்க்களத்தில் பிறந்த சொல்லும் தொழிலாளர் வழக்குகளில் இரட்டையராகிவிட்டன. 'ஷாம், பெயரளவு, உருமறைப்பு' என்ற முத்தொடர் இல்லாத மனுவை இன்று காண்பது அரிது.

நிறுவ வேண்டியவர் யார்?

ஆக, ஒன்பது ஆண்டுகள் உலையடியில் நின்றவருக்கு எஞ்சியிருப்பது இந்த ஒரு சொல். ஒப்பந்தம் போலியானது என்று சொல்பவரே அதை நிறுவ வேண்டும் என்பது பொதுவிதி. எப்படி நிறுவுவது? நீதிமன்றங்கள் சில கேள்விகளை வகுத்துத் தந்திருக்கின்றன. ஊதியம் தருவது யார்? மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்துவது யார்? 2014இல் வந்த ஒரு தீர்ப்பு இவற்றை விரித்து, வேலைக்கு எடுத்தது யார், நீக்கும் அதிகாரம் யாருக்கு, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், பணித்தொடர்ச்சி உண்டா என்பவற்றையும் சேர்த்தது.

கேட்பதற்கு எளிய கேள்விகள்தாம். ஆனால், சென்னை மீனம்பாக்கம் விமான நிலையச் சரக்குப் பிரிவுத் தொழிலாளர் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறிய விளக்கத்தைப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்தில் நிறுவனம் தொழிலாளிக்கு உத்தரவிடுவது இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு. அவரை எங்கே அனுப்புவது, எவ்வளவு காலம் அனுப்புவது என்று முடிவு செய்யும் முதல்நிலைக் கட்டுப்பாடு ஒப்பந்ததாரரிடம் இருந்தால், ஒப்பந்தம் போலி ஆகாது. சட்டத் தருக்கத்தில் இது சரியாகவே இருக்கலாம். ஆனால், அந்த முதல்நிலைக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்டும் தாள்கள் யாரிடம் இருக்கின்றன? ஒப்பந்தப் பத்திரம், பட்டியல், வருகைப் பதிவு எல்லாம் ஆலையின் அலமாரியில் இருக்கின்றன. தொழிலாளியிடம் இருப்பது ஓர் அட்டை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இளைஞரிடம் நான் சொல்லாதது அது.

நான் பணியாற்றிய ஆலையில் ஒப்பந்தப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒவ்வொரு மார்ச் மாதமும் கணினியில் பழைய கோப்பைத் திறப்பேன். ஒப்பந்ததாரர் பெயரையும் தேதியையும் மாற்றுவேன். 'ஒப்பந்ததாரர் தம் தொழிலாளர்களைத் தாமே மேற்பார்வையிடுவார்' என்ற பத்தியில் கைவைக்க மாட்டேன். அந்த ஒப்பந்ததாரர் மாதத்துக்கு ஒருமுறை பில் கொடுக்க வருவார். டைம் ஆபீசில் தேநீர் அருந்திவிட்டுப் போவார். ஷிப்ட் பட்டியலைப் போட்டவர் எங்கள் பொறியாளர். விடுப்புச் சீட்டில் கையெழுத்திட்டவர் எங்கள் பிரிவுப் பொறுப்பாளர். நிரந்தரத் தொழிலாளிக்கு நீல அட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள் அட்டை. வேலையில் வேறு வேறுபாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒப்பந்ததாரர் மாறும் ஆண்டுகளில் எனக்கு வேலை கூடும். மார்ச் 31 இரவு ஷிப்டில் வெளியே போனவர்கள் ஏப்ரல் 1 இரவு ஷிப்டுக்கு அதே வாயில் வழியே உள்ளே வருவார்கள். அவர்களுக்குப் புதிய அட்டை தர வேண்டும். 'சேர்ந்த தேதி: ஏப்ரல் 1' என்று அடிப்பேன். ஒரே மனிதருக்கு மூன்று சேர்ந்த தேதிகளை என் கையால் அடித்திருக்கிறேன். பி.எஃப். கணக்கில் ஒரே பொது எண்ணின் கீழ் மூன்று உறுப்பினர் எண்கள் இருக்கும். பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர்ச்சி வேண்டும் என்ற பொது விதி ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது.

அப்போது அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. மேலாளருக்கும் தோன்றியிருக்காது, அவருக்கு முன்பிருந்தவர் கையெழுத்திட்ட தாளில் அவரும் கையெழுத்திட்டார். ஒப்பந்ததாரருக்கும் தோன்றியிருக்காது, எல்லா ஆலைகளிலும் அதுதான் நடைமுறை என்பார். 'யாரையும் ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்ததா?' என்று எங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தால், மூவரும் மனமறிய 'இல்லை' என்றே சொல்லியிருப்போம். அந்தப் பதிலும் பொய்யாக இருந்திருக்காது. தாள் மட்டும் பொய்யாக இருந்தது.

எண்ணத்தைத் தேடுவதா, வேலையைப் பார்ப்பதா?

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. 1967இல் இங்கிலாந்தில் ஒரு கார் தவணைக் கொள்முதல் வழக்கில் நீதிபதி டிப்ளாக் 'ஷாம்' என்பதற்கு ஓர் இலக்கணம் சொன்னார். உண்மையில் உருவாக்க நினைக்கும் உரிமைகளுக்கு மாறான தோற்றத்தைப் பிறருக்குக் காட்டும் எண்ணத்துடன் எழுதப்பட்ட ஆவணமே ஷாம். அந்த எண்ணம் கையெழுத்திட்ட எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றார். சொத்து வழக்குகளுக்கு இது பொருந்தும். சொல்லின் பழைய பொருளான 'தந்திரம்' அந்த இலக்கணத்தில் அப்படியே இருக்கிறது: ஏமாற்றுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஆனால், ஆலையில் நடப்பது பெரும்பாலும் தலையணை உறையின் கதை. தந்திரக்காரர் என்று சுட்டிக்காட்ட ஒருவர் இல்லை. பழக்கமாகிப்போன ஒரு மேலுறை மட்டும் இருக்கிறது. அங்கே போய் எண்ணத்தைத் தேடினால் எதுவும் அகப்படாது.

இதை இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமே 2011இல் உணர்ந்துகொண்டது. கார்களைக் கழுவித் துடைக்கும் தொழிலாளர்கள் 'சுயதொழில் செய்பவர்கள்' என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த வழக்கு அது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் பேரம் பேசும் வலிமை சமமாக இல்லாதபோது, இருவரும் சேர்ந்து ஏமாற்ற நினைத்தார்கள் என்று நிறுவத் தேவையில்லை. நடைமுறையில் உண்மையான உடன்பாடு எதுவோ அதைப் பார்த்தால் போதும் என்றது நீதிமன்றம். ஆஸ்திரேலியா இன்னும் வெளிப்படையாகச் செய்தது. 2009ஆம் ஆண்டின் நியாயப் பணிச் சட்டத்தில் 'ஷாம் ஏற்பாடுகள்' என்றே தலைப்பிட்டு, தொழிலாளியைச் சுயதொழிலர் என்று தவறாகக் காட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரையும், தாளில் எழுதியதைவிட நடக்கும் வேலைக்கே முதலிடம் தரச் சொல்கிறது.

நமக்கு இதற்காக வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. தமிழ் இலக்கணத்தில் 'போலி' என்று ஒரு பகுதி உண்டு. பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். ஒரு சொல்லில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருந்தால் அது போலி. நலம் என்றாலும் நலன் என்றாலும் பொருள் ஒன்றே, அது கடைப்போலி. அங்கே யாரும் யாருடைய எண்ணத்தையும் ஆராய்வதில்லை. மகர எழுத்து ஏன் போனது, னகர எழுத்து என்ன நினைத்து வந்தது என்று கேட்பதில்லை. ஒரே கேள்விதான்: எழுத்து மாறியதால் பொருள் மாறியதா, இல்லையா?

ஒப்பந்தத்தையும் அப்படியே சோதிக்கலாம். நடுவில் ஒப்பந்ததாரர் வந்ததால் வேலையில் ஏதாவது மாறியதா? அவருக்கென்று கருவிகள் உண்டா? தனித்திறன் உண்டா? வேலை கெட்டால் நட்டம் அவருடையதா? அவர் மாறும்போது ஆட்களும் மாறுகிறார்களா? இவற்றுக்கு 'ஆம்' என்றால் ஒப்பந்தம் உண்மையானது. பழுதான பாய்லரைச் சரிசெய்ய வருபவர், ஆண்டுக்கொரு முறை கூரைக்குச் சாயம் பூசுபவர், புதிய இயந்திரத்தை நிறுவ வரும் குழு போன்றோர் மெய்யான ஒப்பந்ததாரர்கள். எல்லா ஒப்பந்தமும் போலி என்பது நியாயமான பேச்சாகாது. ஆனால், ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறியும் அதே ஆள், அதே உலை, அதே மேற்பார்வையாளர் என்றால், எழுத்து மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை.

ஒரே வாயில், இரண்டு சொற்கள்

பாசாங்கைக் குறிக்கும் இன்னோர் ஆங்கிலச் சொல்லும் ஆலைக்குள் உண்டு, 'மாலிங்கர்'. நோயுற்றதாக நடித்து வேலையைத் தட்டிக்கழிப்பது. நோயாளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, பட்டாளத்தில் புழங்கி, 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியில் இடம்பெற்றது. பட்டாளத்திலிருந்து தொழிற்சாலையின் நிலையாணைகளுக்கு வந்தது. எங்கள் ஆலையின் நிலையாணைகளில் அது ஓர் ஒழுங்கீனம்.

இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளி நடித்தார் என்றால், ஆலைக்குள்ளேயே விசாரணை. சில வாரங்களில் முடிவு. அவர் நடிக்கவில்லை என்பதற்கு மருத்துவச் சான்றிதழை அவரே கொண்டுவர வேண்டும். ஒப்பந்தம் நடித்தது என்றால், முதலில் சமரச அலுவலர், பிறகு தொழிலாளர் நீதிமன்றம், அதன்பின் மேல் நீதிமன்றங்கள் என்று ஆண்டுகள் ஓடுகின்றன. அங்கேயும் சான்றைக் கொண்டுவர வேண்டியவர் தொழிலாளியே. இரண்டு நடிப்புகளையும் நிறுவும் சுமை ஒருவர் தோளிலேயே விழுகிறது.

அந்தத் தோளும் இன்று பெரும்பாலும் வெளியூர்த் தோள். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் காலை ஷிப்டுக்கு நடப்பவர்களின் பேச்சைக் கேட்டால் தெரியும்: போஜ்புரி, ஒடியா, வங்காளம், நடுநடுவே தமிழ். ஊதிய விகிதமும் வேலை நேரமும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் ஒட்டப்பட வேண்டும் என்று ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் சொல்லிவந்தன. அவரை யாருடைய ஆள் என்று தீர்மானிக்கும் ஒப்பந்தமோ, நானறிந்தவரை, எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

இனி வரப்போகும் சொல்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பணியிடப் பாதுகாப்பு குறித்த தொகுப்பு, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நிறுவனத்தின் 'மைய வேலை'யில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக் கூடாது என்பது அதன் பொதுவிதி. இது வரவேற்கத்தக்கது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அப்படியே. ஆனால், இருபது என்றிருந்த வரம்பு ஐம்பதாகியிருக்கிறது. மைய வேலைத் தடைக்கு விலக்குகளும் உண்டு: அவ்வேலை வழக்கமாகவே ஒப்பந்ததாரர் வழியாக நடப்பது என்றாலோ, வேலை திடீரெனப் பெருகிவிட்டது என்றாலோ தடை பொருந்தாது. துப்புரவு, காவல், உணவகம், ஏற்றியிறக்கல் போன்றவை, அவற்றுக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் அல்லாதபோது, மைய வேலை ஆகா.

உருக்காலையில் உலை மைய வேலை என்பதில் ஐயமில்லை. உலையிலிருந்து கசடை அள்ளுவது? வார்த்த கம்பியைக் கட்டி வண்டியில் ஏற்றுவது? 'ஷாம்' நின்ற இடத்தில் இனி 'மையம்' என்ற சொல் நிற்கும். வழக்குகள் அதைச் சுற்றி நடக்கும். அந்தச் சொல்லும் தாளில் எழுதிய வேலையைப் பார்க்குமா, ஆள் செய்யும் வேலையைப் பார்க்குமா என்பதே கேள்வி.

சில காரியங்களைப் பெரிய சட்டத் திருத்தம் இல்லாமலே செய்யலாம். ஒப்பந்தத்தின் சுருக்கம் தொழிலாளியின் மொழியில் அவர் கைக்குப் போக வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினால், நியமனக் கடிதத்தில் அவர் முதன்முதலாக அந்த வாயிலுக்குள் நுழைந்த தேதியும் எழுதப்பட வேண்டும். வழக்கு என்று வந்தால், வருகைப் பதிவையும் ஷிப்ட் பட்டியலையும் கொண்டுவர நிர்வாகத்துக்கு நீதிமன்றம் முதல் விசாரணை நாளிலேயே ஆணையிட வேண்டும். அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. தொழிலாளிகளும் அட்டைகளையும் ஊதியச் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்; ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய அட்டையைத் திருப்பிக் கொடுக்குமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த இளைஞர் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். அவருடைய பழைய அட்டைகள் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தன. மூன்றிலும் வெவ்வேறு சேர்ந்த தேதி. அவற்றை அடித்தது வேறோர் ஆலையின் எழுத்தர்தான். ஆனாலும் அந்த எழுத்துகளை எனக்குத் தெரிந்தது. இம்முறை அவரிடம் என் பழைய வேலையைப் பற்றியும் அந்த மார்ச் மாதக் கோப்பைப் பற்றியும் சொன்னேன். எந்தப் பதிவேட்டில் எதைத் தேட வேண்டும், எதைக் காட்டச் சொல்லி மனுப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

யாருக்கு வெட்கம் என்று முதல்நாள் அவர் கேட்டதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. ஏமாற்றியவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. தாளுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை அறிந்தே கையெழுத்திட்ட, தட்டச்சு செய்த, பார்த்தும் பாராமல் முத்திரையிட்ட எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன்.